வீணையின் பிக்கப்பும் பத்து கிலோ ஓமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரி மாலையில், எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் அம்மா வீணை வாசிப்பதாக ஏற்பாடு. ஐம்பது அறுபது பேர் அமரக்கூடிய கூடம் அது. மின்விசிறிகளின் இரைச்சலும் சுண்டலுக்குக் காத்திருக்கும் குழந்தைகளின் பேச்சும் சேர்ந்தால் வீணையின் இயல்பான ஒலி மூன்றாவது வரிசையைத் தாண்டாது என்பதால், குடத்தின் மேற்பலகையில் ஒட்டவைத்தால் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றித் தரும் சிறிய பீசோ பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் ஒயரை வாடகைக்கு வந்திருந்த ஒலி மிக்சரின் லைன் இன்புட்டில் நானே செருகினேன். பிளக் சரியாகப் பொருந்தியது. விளக்கும் எரிந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் வந்தது வீணை இல்லை.

தந்தியை மீட்டும் விரலின் ‘டிக்’ என்ற ஓசையும், மெட்டின் மேல் தந்தி உரசும் கீச்சொலியும் மட்டும் ஊசிபோல் வந்தன. கீழ்ச்சுரம் தரும் மந்தரத் தந்தியை மீட்டியபோது, தகரத்தின் மேல் மழைத்துளி விழுந்ததைப்போல ஏதோ கேட்டு அடங்கியது. மிக்சரில் பேஸ் குமிழை முழுவதும் திருப்பினேன். நாதம் கூடவில்லை, ‘ஹம்’ என்ற இரைச்சல்தான் கூடியது. கடைசியில் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, பாடகர்களுக்கான மைக் ஒன்றைக் குடத்தின் எதிரே நிறுத்தி வாசிப்பை முடித்தோம். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரப் பெரியவர், “பிக்கப்பை லைன்ல போட்டா இப்படித்தான் தம்பி இருக்கும். இம்பீடன்ஸ் ஒத்துவரணும்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. அதை நான் புரிந்துகொண்ட விதம்தான் தவறாக இருந்தது. இம்பீடன்ஸ் என்பது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு. ‘ஒத்துவரணும்’ என்றதை, பிக்கப், மிக்சர் இரண்டு பக்கத்து எண்களும் சமமாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பல வாரங்கள் சமமான எண்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் மொழியில் ஒத்துவருவது என்றால் இணங்கிப்போவது. பொருத்தம் பார்ப்பவர்கள் இருவரும் ஒரே உயரமா என்று பார்ப்பதில்லை அல்லவா? ஒலிக்கருவிகளை இணைப்பதிலும் அதே கதைதான். அங்கே பெரும்பாலான இடங்களில் நல்ல பொருத்தம் என்பது, கொடுக்கும் பக்கத்தின் இம்பீடன்ஸ் குறைவாகவும் வாங்கும் பக்கத்தின் இம்பீடன்ஸ் பல மடங்கு அதிகமாகவும் இருப்பது. இந்த ஒரு செய்தியை அன்றே யாராவது எனக்கு எழுதிக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இம்பீடன்ஸுக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட கலைச்சொற்கள் வழங்குகின்றன. மைக்செட்காரர்கள் வாயில் புழங்குவது இம்பீடன்ஸ்தான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தச் சொல்லை 1886-இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர். தந்தி இயக்குபவராக வேலையைத் தொடங்கி, பின்பு மின்னியலின் கணிதத்தையே மாற்றி எழுதியவர். மின்தடை என்பது மின்னோட்டத்தை எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் தடுப்பது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அப்படி நடந்துகொள்வதில்லை. அதிர்வெண் கூடக்கூடச் சுருள் அதிகமாகத் தடுக்கிறது; மின்தேக்கியோ அதிர்வெண் குறையக்குறைய அதிகமாகத் தடுக்கிறது. மூன்றும் கலந்து, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பே இம்பீடன்ஸ். அளவு ஓமில்தான் சொல்லப்படுகிறது. ஆனால் எந்த அதிர்வெண்ணில் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண் பாதி உண்மைதான்.

இனி இணைப்புக்கு வருவோம். ஒலியை மின்னழுத்தமாகத் தரும் எந்தக் கருவிக்கும் உள்ளே ஒரு இம்பீடன்ஸ் இருக்கிறது. அதை வாங்கும் கருவியின் வாயிலிலும், அதாவது இன்புட்டிலும், ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே சுற்றில் அடுத்தடுத்து அமைந்துவிடுவதால், பிறக்கும் மின்னழுத்தம் இரண்டுக்கும் பங்காகிறது: எதன் இம்பீடன்ஸ் பெரிதோ அதற்குப் பெரிய பங்கு. இரண்டும் சமமானால் பாதி மின்னழுத்தம் கொடுத்த கருவிக்குள்ளேயே தங்கிவிடும். அது 6 டெசிபெல் இழப்பு. வாங்கும் பக்கம் பத்து மடங்கு அதிகமானால் பதினொன்றில் பத்துப் பங்கு போய்ச் சேரும். இழப்பு 1 டெசிபெல்லுக்கும் குறைவு. ஒலிப்பொறியாளர்கள் ‘பத்து மடங்கு’ என்று கைவிதியாகச் சொல்வது இதைத்தான்.

வெறும் அளவு குறைவது மட்டும் என்றால் ஒலியைக் கூட்டிவைத்துச் சமாளித்துவிடலாம். கொடுக்கும் பக்கத்தின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதுதான் உண்மையான சிக்கல், ஏனென்றால் அப்போது பங்கீடும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு விதமாக அமைந்துவிடுகிறது. அன்று வீணைக்கு நேர்ந்தது இதுவே. பீசோ பிக்கப் என்பது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் ஒரு பீங்கான் வில்லை; மின்சுற்றின் பார்வையில் அது ஒரு சிறிய மின்தேக்கி. அதன் மின்தேக்கும் அளவை 1 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டு, 10 கிலோ ஓம் உள்ள லைன் இன்புட்டில் செருகினால், இரண்டும் சேர்ந்து சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் படிப்படியாகக் குறைக்கும் வடிகட்டி ஆகிவிடுகின்றன. மனிதக் காது கேட்பதே ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று கட்டைச் சுருதியில் சாரணி என்ற முதல் தந்தியின் ஆதார சட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் மிக்சருக்குள் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்காக, அதாவது 40 டெசிபெல் குறைந்து. விரல் மீட்டும் ‘டிக்’ ஓசையில் உள்ள 8,000 ஹெர்ட்ஸ் பகுதியோ ஏறக்குறைய பாதி அளவுக்கு வந்துவிடுகிறது. பேஸ் குமிழ் கூட்டித் தருவது பொதுவாக 15 டெசிபெல்லுக்கு மேல் போகாது. 40 டெசிபெல் பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது என்பதும், நிரப்ப முயன்றபோது இரைச்சல் மட்டும் எழுந்ததன் காரணமும் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எனக்கு விளங்கின.

அதே பிக்கப்பை, மிக்சருக்கு முன்னால் வைக்கும் 1 மெகா ஓம் வாயில் உள்ள ஒரு பெட்டியில் செருகினால் வடிகட்டியின் எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. சாரணியின் சட்ஜம் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வந்துவிடும். மந்தரத் தந்தியின் 82 ஹெர்ட்ஸ் இன்னும் பாதியாகத்தான் வரும். 10 மெகா ஓம் என்றால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. வீணை முழுதாக வந்துவிடும். பல மேடைகளில் இதற்காக டிஐ பாக்ஸ் என்ற சிறிய பெட்டி கிடைக்கும். அதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் தேவைப்படாத பாசிவ் வகையில் உள்ளே இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரு சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதம் 10:1 என்றால் இம்பீடன்ஸ் விகிதம் அதன் வர்க்கமான 100:1, மிக்சரின் 1.5 கிலோ ஓம் மைக் வாயில் பிக்கப்பின் பக்கமிருந்து பார்க்கும்போது 150 கிலோ ஓமாகத் தெரியும். கீபோர்டுக்கு அது தாராளம். பீசோ பிக்கப்புக்கோ எல்லை 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றுவிடுவதால் நாதம் மெலிந்தே கேட்கும். பேட்டரியிலோ, மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் ஃபேண்டம் பவரிலோ இயங்கும் ஆக்டிவ் வகைதான் வேண்டும். அதிலும் வாயில் எத்தனை மெகா ஓம் என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் காந்தப் பிக்கப் இதற்கு நேர் எதிர். அது சுருள் என்பதால் அதன் இம்பீடன்ஸ் உயர் அதிர்வெண்களில்தான் ஏறுகிறது. அதை லைன் இன்புட்டில் செருகினால் கீழ்ச்சுரங்கள் தப்பித்துவிடும், மேல்பகுதியின் துலக்கம் போய்விடும். ஒரே தவறு ஒரு கருவியைத் தகரமாகவும் இன்னொன்றைப் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோலவும் ஆக்கிவிடுகிறது. காதால் கேட்டே காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த வேறுபாடு எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

அப்படியானால் ‘சமமாக இருக்க வேண்டும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது கற்பனையில் பிறந்ததில்லை. கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் சமமாக இருக்கும்போதுதான் அதிகபட்ச ஆற்றல் போய்ச் சேரும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விதி. ஆற்றலைப் பெருக்கும் வழியே இல்லாத தொடக்ககாலத் தொலைபேசியில் வாயருகே பிறந்த சிறிதளவு ஆற்றலையும் வீணாக்க முடியாது. மேலும் பல கிலோமீட்டர் நீளக் கம்பியில் முனையின் இம்பீடன்ஸ் பொருந்தாவிட்டால் அலை திரும்பி வந்து எதிரொலிக்கும். ஆகவே 600 ஓம் என்பது தொலைபேசி உலகின் வழக்கமானது. தொலைபேசிக் கம்பிகள் வழியாகவே நிகழ்ச்சிகளை அனுப்பிய வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. 600 ஓமில் 1 மில்லிவாட் ஆற்றலைத் தரும் மின்னழுத்தம் 0.775 வோல்ட், இன்றும் மிக்சர்களில் ‘டிபியு’ என்று அளப்பது அந்த 0.775 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டுதான். 600 ஓம் போய்விட்டது, அதன் வோல்ட் மட்டும் தங்கிவிட்டது.

நம் கூடங்களில் அந்த எதிரொலிக் கவலை ஏன் இல்லை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 20,000 ஹெர்ட்ஸ் மின்அலை ஒரு கேபிளுக்குள் கொள்ளும் அலைநீளம் சுமார் 10 கிலோமீட்டர். ஐம்பது மீட்டர் கேபிள் அதன் முன் ஒன்றுமே இல்லை. ஒலியை எண்களாக்கி அனுப்பும் டிஜிட்டல் இணைப்பில் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருப்பதால் அங்கே மட்டும் பழைய விதி முழு அதிகாரத்தோடு திரும்பிவிடுகிறது: வீட்டு எஸ்பிடிஐஎஃப் இணைப்புக்கு 75 ஓம் கேபிள், ஸ்டுடியோ ஏஇஎஸ் இணைப்புக்கு 110 ஓம் கேபிள்.

மைக்கின் கதையில் கேபிளின் நீளம் வேறொரு வழியில் உள்ளே வருகிறது. கவசமிட்ட கேபிள் ஒவ்வொன்றும் தானே ஒரு மின்தேக்கிதான். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்று கொள்ளலாம், இருபது மீட்டருக்கு 2 நானோ ஃபாரட். பழைய மைக்செட்டுகளோடு வந்த ஹை இம்பீடன்ஸ் மைக்குகள் 50 கிலோ ஓம் அளவில் இருந்தவை. அந்த மைக்கை இருபது மீட்டர் கேபிளில் மாட்டினால் 1,600 ஹெர்ட்ஸுக்கு மேலே குரல் மங்கத் தொடங்கும். ஸ, ஷ, ச எழுத்துகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது என்பதால் பேச்சு ‘மொழுமொழு’வென்று கேட்கும். இன்றைய டைனமிக் மைக்குகள் 150 முதல் 300 ஓம் வரை இருப்பவை. அதே கேபிளில் 200 ஓம் மைக்கின் எல்லை கிட்டத்தட்ட 4 லட்சம் ஹெர்ட்ஸ். காதுக்கு எந்த இழப்பும் தெரியாது. பீசோ பிக்கப்போ தானே மின்தேக்கி என்பதால் நீளமான கேபிள் அதன் தொனியைக் கெடுப்பதில்லை, மொத்த அளவைத்தான் குறைக்கிறது. 1 நானோ ஃபாரட் பிக்கப்பை 2 நானோ ஃபாரட் கேபிளில் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். எனவே பெட்டியை மிக்சர் மேசையில் வைக்காமல் வீணைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் பக்கம் வந்தால் குழப்பம் மறுபடியும் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருப்பதால் அதன் உள் இம்பீடன்ஸும் 8 ஓம் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் உள் இம்பீடன்ஸ் பொதுவாக 0.1 ஓமுக்கும் குறைவு. எழுதியிருப்பது, அதன்மேல் ஏற்றத்தக்க சுமையின் அளவு. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம், நான்கைச் சேர்த்தால் 2 ஓம். 20 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் 2.5 ஆம்பியர் கொடுத்தால் போதும். 2 ஓமில் 10 ஆம்பியர் கொடுத்தாக வேண்டும். அதற்கென்று செய்யப்படாத ஆம்ப்ளிஃபயர் சூடேறி, பாதுகாப்புச் சுற்று இருந்தால் நின்றுவிடும், இல்லாவிட்டால் கருகிவிடும். உறவினர் வீட்டுத் திருமணத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் பாட்டு கேட்கட்டும் என்று இரண்டு ஸ்பீக்கர்களைக் கூடுதலாகத் தொங்கவிட்ட சிறிது நேரத்தில் மொத்தமும் அடங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: மல்டிமீட்டரை ஸ்பீக்கரில் வைத்தால் 8-க்குப் பதிலாக 6 ஓம் அளவில் காட்டும். ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லை. மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை மட்டுமே. அதே ஸ்பீக்கர் தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் 30, 40 ஓம் வரை ஏறக்கூடும். 8 ஓம் என்று அச்சிட்டிருப்பது, எந்த அதிர்வெண்ணிலும் அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இறங்காது என்ற உறுதிமொழி. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இதோடு ஒரு செய்தியை மறக்கக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு ஷார்ட் ஆவது ஆபத்து. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கரே மாட்டாமல் ஓட்டுவது ஆபத்து, ஏனென்றால் சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடக்கூடும்.

இந்தப் பாடம் முழுவதும் மிக அழகாக விளங்கும் இடம் கோயில் திருவிழா. தெரு நெடுகக் கம்பங்களில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 16 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் இருக்கும் பந்தலிலிருந்து இருநூறு மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தால், போகவர அதன் தடை சுமார் 4.6 ஓம். ஐந்து கூம்புகளையும் நேரடியாக இணையாகச் சேர்த்தால் 3.2 ஓம்தான் வரும். அவை அனைத்தும் ஒயரின் கடைசி முனையில் இருந்தால் ஆற்றலில் பாதிக்கும் மேல் ஒயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அனுபவமுள்ள மைக்செட்காரர் இதைச் செய்யமாட்டார். அவர் ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் முனையிலிருந்து ஒயரை எடுத்து, ஒவ்வொரு கூம்பின் அடியிலும் லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கட்டுவார். 100 வோல்ட்டில் 20 வாட் எடுக்கும் முனை ஒயருக்கு 500 ஓமாகத் தெரியும். ஐந்து சேர்ந்தால் 100 ஓம். 4.6 ஓம் ஒயரில் இழப்பு இப்போது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அனல்மின் நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் உயர் மின்னழுத்தத்தில் வரும் காரணமும் இதுவேதான். இனி ஓம் கணக்கே தேவையில்லை: எல்லா டிரான்ஸ்ஃபார்மர்களின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது என்ற ஒரே கூட்டல் போதும். பெயரில் ‘மேட்சிங்’ இருந்தாலும், அந்தப் பெட்டி ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரின் உள் இம்பீடன்ஸுக்குச் சமமாக்குவதில்லை. ஒயருக்கு முன்னால் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஹெட்ஃபோனைப் பற்றிச் சுருக்கமாக. 300 ஓம் ஹெட்ஃபோன் 1 வோல்ட்டில் 3.3 மில்லிவாட்தான் எடுக்கும், 32 ஓம் ஹெட்ஃபோன் 31 மில்லிவாட் எடுக்கும். கைபேசியில் முதலாவது பல நேரம் மெதுவாகக் கேட்பதன் முதன்மைக் காரணம் இதுவே. ஒலியெழுப்பும் டிரைவர்கள் பலவற்றை அடக்கிய சிறிய இயர்ஃபோன்களில் கவனம் வேறிடத்தில் வேண்டும். அவற்றின் இம்பீடன்ஸ் ஓர் அதிர்வெண்ணில் 10 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கலாம். உள் இம்பீடன்ஸ் 120 ஓம் உள்ள பழைய கருவியில் மாட்டினால் அந்த இரு அதிர்வெண்களுக்கும் இடையே 10 டெசிபெல் வேறுபாடு புதிதாக உண்டாகிவிடும். 1 ஓம் உள்ள கருவியில் அது 1 டெசிபெல்கூட இராது. ஒரே இயர்ஃபோனைப் பற்றி இரண்டு பேர் முற்றிலும் மாறான கருத்துச் சொல்வதைப் படிக்கும்போது, எதில் மாட்டிக் கேட்டார்கள் என்றுதான் நான் முதலில் தேடுகிறேன்.

அடுத்த நவராத்திரிக்கு 10 மெகா ஓம் வாயில் உள்ள, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய பெட்டி ஒன்றை வாங்கினேன். பிக்கப்பிலிருந்து பெட்டிக்கு அரை மீட்டர் ஒயர். பெட்டியிலிருந்து மிக்சருக்கு வழக்கமான நீளக் கேபிள். அதே கூடம், அதே மிக்சர், அதே லைன் இன்புட். அம்மா சுருதி சேர்க்க மந்தரத் தந்தியை மீட்டியபோது கடைசி வரிசை நாற்காலிகள் வரை அந்த ஒலி வந்து நின்றது. தோடியின் காந்தாரத்தில் ஒரே மீட்டில் தந்தியை இழுத்து அவர் கொடுத்த கமகம், ஒலி தேய்ந்து முடியும்வரை கேட்டது. அம்மா இப்போது வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போகும்போது நான் உடன் போவதில்லை. வீணைப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன்: “பிக்கப்பை நேரே மிக்சரில் போட வேண்டாம். இந்தப் பெட்டி வழியாக மட்டும். பேட்டரியைப் பார்க்கவும்.” கடைசி வரி அம்மாவே தன் கையால் எழுதிச் சேர்த்தது.